லினக்ஸ் லேப்டாப் ஸ்கிரீன் அப்படியே நின்னுடுச்சா? பவர் பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க!

தமிழக அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் விண்டோஸுடன் 'பாஸ்' லினக்ஸும் சேர்த்து வழங்கப்பட்டது. சென்னை சி-டாக் உருவாக்கிய இயங்குதளம் இது. இதில் ஸ்கிரீன் உறைந்துவிட்டால், திருமுக்கூடலில் இருந்து காஞ்சிபுரம் வரை லேப்டாப்பை தூக்கிட்டு ஓட வேண்டியதில்லை. முதலில் வீட்டிலேயே முயற்சி செய்யலாம்.

நின்றது ஸ்கிரீனா, கம்ப்யூட்டரா?

லினக்ஸில் திரையைக் காட்டுவது 'டிஸ்ப்ளே சர்வர்' என்ற தனி புரோகிராம். 1984-ல் அமெரிக்காவின் எம்ஐடி-யில் உருவான 'எக்ஸ்', புதிதாக வந்த 'வேலேண்ட்' இரண்டும் இந்த வேலைக்கானவை. இது நின்றாலும், உள்ளே கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருக்கலாம்.

என்ன செய்யணும்?

1. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்க. கறுப்புத் திரை வரும்.

2. யூசர் பெயர், பாஸ்வேர்டு கொடுங்க. பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் எதுவும் தெரியாது, பயப்பட வேண்டாம்.

3. சிக்கல் செய்யும் புரோகிராமை மட்டும் முதலில் நிறுத்திப் பாருங்க. உதாரணமாக, 'பிகில் ஃபயர்பாக்ஸ்' என ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்க (முதல் சொல்: பி, கே, ஐ, எல், எல்). பிறகு கன்ட்ரோல், ஆல்ட்டுடன் எஃப்1, எஃப்2 அல்லது எஃப்7 அழுத்தினால் பழைய திரைக்குத் திரும்பலாம்.

4. அப்பவும் சரியாகலையா? மறுபடி கறுப்புத் திரைக்கு வந்து, 'சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் டிஸ்ப்ளே-மேனேஜர்' என ஆங்கிலத்தில் கொடுங்க. லாகின் திரை புதிதாக வரும். மிகப் பழைய பதிப்புகளில் இந்தக் கட்டளை இருக்காது. அதில் 'சூடோ ரீபூட்' கொடுத்தால் போதும்.

கவனம்!

நான்காவது படியில் திறந்திருக்கும் எல்லா விண்டோவும் மூடிவிடும். சேவ் செய்யாத ப்ராஜெக்ட், அப்ளிகேஷன் எல்லாம் போய்விடும். அதனால்தான் மூன்றாவது படியை முதலில் பார்க்கச் சொல்கிறோம். ஏற்கனவே சேவ் செய்த ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது.

பவர் பட்டன் எப்போது?

ஹார்ட் டிஸ்க்கில் எழுதும் வேலை பாதியில் நின்றால் ஃபைல்கள் கெட்டுப்போகலாம். கறுப்புத் திரையே வரவில்லை, சில நிமிடம் காத்திருந்தும் பலன் இல்லை என்றால் மட்டும் பவர் பட்டனை அழுத்திப் பிடிக்கலாம். அதுதான் கடைசி வழி.