களைத்துப்போன கருவி

1890களின் கடைசியில் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஜகதீஷ் சந்திர போஸுக்கு ஒரு விநோதமான தொல்லை வந்தது. மின்காந்த அலைகளைப் பிடிக்க அவர் செய்திருந்த உலோகக் கருவி, ஓயாமல் வேலை வாங்கினால் மந்தமாகிவிடும்; சற்றுநேரம் சும்மா விட்டால் மறுபடி சுறுசுறுப்பாகும். வேறொருவராக இருந்தால் பழுதென்று தூக்கிப் போட்டிருப்பார். போஸ் அந்த மந்தத்தையே அளக்க உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளீயக் கம்பி, செடியின் தண்டு, தவளையின் தசை எல்லாவற்றையும் மின்சாரத்தாலோ முறுக்கியோ தூண்டி, அவை காட்டும் எதிர்வினையைக் கோடுகளாகப் பதிந்தார். தூண்டலுக்குத் தூண்டல் போதிய இடைவெளி இருந்தால் கோடுகள் ஒரே உயரத்தில் நின்றன. இடைவெளியைக் குறைத்ததும் உயரம் சரிந்தது. 1901 மே 10 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இதை விளக்கிக் காட்டினார். உடலியலாளர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். உலோகத்துக்கு உயிரில்லை, அங்கே நடப்பது வேறு என்று இன்று தெரியும். ஆனாலும் இடைவெளி பற்றி அவர் கண்டது அலுவலக மேசைக்கும் பொருந்துகிறது.

படித்த வரியையே திரும்பப் படிப்பது, சின்னக் கணக்கில் தப்புவது, காரணமில்லாமல் எரிந்து விழுவது: கோடு சரிகிறது என்பதற்கு இவைதான் அடையாளம். அப்போது கொல்கத்தாவின் டல்ஹவுசி சதுக்கத்து அலுவலர் கீழே இறங்கி, மண் குவளையில் தேநீர் வாங்குவார். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்து தூக்கத்தைத் தூண்டுகிறது. தேநீரிலுள்ள கஃபீன் அதன் இருக்கையில் தான் போய் உட்கார்ந்துகொள்ளும். சேர்ந்த அடினோசின் அப்படியே இருக்கும். குடித்த கஃபீனில் பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரம் பிடிக்கும் என்பதால், மாலைத் தேநீர் இரவுத் தூக்கத்திலும் கைவைக்கிறது.

வங்காளிகளின் மதியக் குட்டித் தூக்கமான 'பாத்கும்' இதைவிட நல்ல வைத்தியம். உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்போம். உண்ணாதவருக்கும் உண்டு என்கிறது அறிவியல். பிற்பகல் மந்தத்தில் உடலின் உள்கடிகாரத்துக்கும் பங்கிருக்கிறது. 20 நிமிடம் கண்ணயர்ந்தால் போதும். அதற்கு மேல் ஆழ்ந்துவிட்டால் எழுந்த பிறகும் தலை கனக்கும்.

ஓய்வெடுத்தும் தீராத களைப்பு வேறு கதை; அதற்கு ரத்தசோகை காரணமாக இருக்கலாம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுவரையான இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. மேற்கு வங்கத்தில் 71 சதவீதம். சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாமல் தடுக்கிறது என்பது இதில் இன்னொரு சங்கடம். சில வாரம் ஒழுங்காகத் தூங்கியும் சோர்வு விடவில்லையா? மருத்துவரைப் பார்த்து ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் சோதித்துக்கொள்ளுங்கள்.