அகலம் வாசகர் கையில்

ஒரு செய்தித்தளம் கணினியில் நான்கு பத்தியாகவும் கைபேசியில் ஒரே பத்தியாகவும் விரிகிறதே, அதற்காக யாரும் இரண்டு பக்கம் எழுதி வைப்பதில்லை. 1990களில் பக்கத்தைப் பிரிக்க அட்டவணைதான் கைகொடுத்தது. அடுத்து வந்த ஃப்ளோட் என்ற கட்டளை, படத்தைச் சுற்றி எழுத்து ஓடுவதற்காக உருவானது. பத்தி பிரிக்க அதையே வளைத்துக்கொண்டார்கள். திரைக்கேற்ப மாறும் ரெஸ்பான்சிவ் வடிவமைப்பை 2010இல் ஈத்தன் மார்காட் முன்வைத்த பிறகும், பத்திகளின் அகலத்தைப் பெரும்பாலும் சதவீதக் கணக்குப் போட்டே எழுத வேண்டியிருந்தது. 2017 மார்ச்சில் பயர்பாக்ஸ், குரோம், சஃபாரி ஆகிய மூன்று உலாவிகளிலும், பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் சிஎஸ்எஸ் கிரிட் வந்தது. அதில் அகலத்தைச் சொல்லாமல் வரம்பை மட்டும் சொன்னால் போதும். என் பார்வையில் கிரிட்டின் மிகப் பெரிய நன்மை அதுவே. ‘ஒவ்வொரு கட்டமும் குறைந்தது 250 பிக்சல், மிஞ்சும் இடத்தைச் சமமாகப் பங்கிடு’ என்று ஒரே வரியில் எழுதலாம். கட்டங்களுக்கு நடுவே இடைவெளி இல்லையென்று கொண்டால், 1,100 பிக்சல் திரையில் 275 பிக்சலாக நான்கு பத்தி அமையும். 360 பிக்சல் கைபேசியில் ஒன்றே ஒன்று. கணக்கு உலாவியின் வேலை.

பக்கம் எப்படித் தெரியும் என்பதே கைவிட்டுப் போகிறதே என்று வடிவமைப்பாளர்கள் கவலைப்படுவது நியாயந்தான். ஆனால் அச்சிடுபவருக்குத் தாளின் அளவு தெரியும். திரையின் அளவு வாசகருக்குத்தான் தெரியும். பார்வை குறைந்தவர் 1,280 பிக்சல் திரையை 400 சதவீதம் பெரிதாக்கினால் பக்கத்துக்குக் கிடைப்பது 320 பிக்சல்தான். அங்கே அகலத்தைக் கறாராக எழுதிய பக்கத்தில் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் நகர்த்தித்தான் படிக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பொத்தானில் நீளமான தமிழ்ச் சொல் பிதுங்குவதும் இதே கோளாறுதான். எல்லாத் தளமும் ஒரே அச்சாகிவிடும் என்ற குறையை நான் ஏற்கவில்லை. கட்டங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றவும் கிரிட் இடம் தருகிறது. இன்னொரு குறை மெய்யானது: கண்ணுக்குத் தெரியும் வரிசையைக் கிரிட்டில் மாற்றினாலும், திரைவாசிப்பானும் டேப் விசையும் பெரும்பாலும் நிரலில் எழுதிய வரிசையிலேயே போகும். ஆகவே படிக்க வேண்டிய வரிசையிலேயே நிரலை எழுதிவிட வேண்டும்.

தளம் நடத்துபவர்களே, உங்கள் தளத்தை 320 பிக்சல் அகலத்தில் ஒருமுறை திறந்து பாருங்கள். அந்த அகலத்திலும் பக்கவாட்டில் நகர்த்தாமல் படிக்க முடிய வேண்டும் என்பது இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018இல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டியில் உள்ள விதி.