உகந்தை: கடற்கரைப் பாதை காட்டுக்குள் திரும்பும் இடம்

கதிர்காமப் பாதயாத்திரை தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் புறப்படுகிறது. பூசகர் வாய்கட்டிப் பூசை செய்யும் அக்கோயிலைச் 'சின்னக் கதிர்காமம்' என்பார்கள். வற்றாப்பளை, வெருகல், மண்டூர், திருக்கோவில் எனக் கோயிலுக்குக் கோயில் தங்கி, வயலும் களப்பும் கடந்து, கிழக்குக் கரையோரமாக அடியார்கள் உகந்தைக்கு வந்து சேர்கிறார்கள். உள்நாட்டுப் போர்க்காலத்தில் வடக்குப் பாதை அறுந்து கிடந்தது.

முருகன் கல்லோடத்தில் வந்து இறங்கிய கரை இதுதான் என்பது ஊர் வழக்கு. மலையில் வள்ளியம்மனைக் கும்பிட்டுவிட்டே காட்டில் கால் வைப்பார்கள்.

இனி ஊரில்லை, கடையில்லை. குமண, யால காடுகளூடாக ஐந்தாறு நாள் நடை. அரிசியும் சட்டியும் தலைச்சுமை. தண்ணீர்தான் பெரிய கவலை. யாத்திரைக் காலம் மழையற்ற பருவம், குளங்கள் வற்றிவிடும். கும்புக்கன் ஓயா ஆற்றை எட்டினால் மருதமர நிழலில் குளிக்கலாம், சமைக்கலாம்; வழியில் அதைவிட நல்ல தங்கலிடம் இல்லை. யாராயிருந்தாலும் இந்தப் பாதையில் எல்லாரும் ஒருவருக்கொருவர் 'சாமி'தான்.

காட்டுப்பாதை கதிர்காம ஆடிவேல் விழாவையொட்டிச் சில நாட்களே திறந்திருக்கும். யானையும் கரடியும் உண்டு: கூட்டமாக, பகலில் மட்டும் செல்லுங்கள். பொலித்தீன் பைகளைக் காட்டில் எறியாதீர்கள்.