செண்பகத்தோப்பின் சாம்பல் நிற அணில்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் செண்பகத்தோப்பில் இந்த அணிலைப் பார்க்க அண்ணாந்துதான் நடக்க வேண்டும். முதலில் கண்ணில் படுவது வால். உச்சாணிக் கிளையிலிருந்து சாம்பலும் வெள்ளையும் கலந்து, அடர்ந்து தொங்கும். சற்றே பொறுத்தால் புளியங்காயின் ஓடு நொறுங்கும் சத்தம் கேட்கும். துணுக்குகள் சருகின் மேல் உதிரும்.

நம் வீட்டு மதிலில் ஓடும் மூன்று கோட்டு அணில் இதன் அருகே குழந்தைதான். சாம்பல் நிற அணில் ஒன்றரை கிலோவுக்கு மேலும் எடை போடும். உடல் எவ்வளவு நீளமோ ஏறக்குறைய அவ்வளவு நீளம் வாலும் உண்டு. 1769இல் தாமஸ் பென்னன்ட் இதற்குச் சூட்டிய ‘மாக்ரூரா’ என்ற பெயருக்கே நீண்ட வால் என்றுதான் பொருள். அந்த வாலுக்கு வேலையும் உண்டு. பின்னங்கால்களால் கிளையைக் கவ்விக்கொண்டு, இரண்டு கைகளாலும் காயைப் பிடித்துக் கொறிக்கும்போது, மறுபுறம் தொங்கும் வால்தான் விழாமல் காக்கிறது.

உலகில் இந்த அணில் வாழ்வது இலங்கையிலும் தென்னிந்தியாவின் சில காட்டுத் திட்டுகளிலும் மட்டுமே. அவற்றில் முக்கியமானது ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலைத்தொடர். 1988இல் சுமார் 485 சதுர கிலோமீட்டர் காடு இதற்கென்றே சரணாலயமானது. 2021இல் அது மேகமலையோடு சேர்ந்து நாட்டின் 51ஆவது புலிகள் காப்பகமாயிற்று.

ஆனால் அணிலுக்குக் காட்டின் பரப்பு மட்டும் போதாது. கிளையோடு கிளை தொட வேண்டும். அது கூடு கட்டும் இடத்தைப் பார்த்தாலே இது விளங்கும். குச்சியும் பச்சிலையும் சேர்த்துப் பந்துபோல் பின்னும் கூட்டை, பக்கத்து மரங்களின் கிளைகள் வந்து சேரும் இடமாகப் பார்த்து வைக்கிறது. கழுகு பாய்ந்தால் ஏதாவது ஒரு பக்கம் தாவி மறைந்துவிடலாம். ஓர் அணிலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கூடுகள் இருக்கும்.

நடுவில் ஒரு மரத்தை வெட்டினால் நமக்கு அது ஒரு மரக் கணக்கு. அணிலுக்கோ பாதையே அறுந்துபோகிறது. தாவ முடியாத இடைவெளியைக் கடக்க அது தரையிறங்க வேண்டும். மரத்தில் மின்னலாய் ஓடும் உயிர், தரையில் நாய்க்கும் சிறுத்தைக்கும் எளிய இரை. அடிவாரத்து மாந்தோப்புகளுக்கும் புளிய மரங்களுக்கும் இதனால்தான் இவ்வளவு மதிப்பு. ஓடைக்கரை மரங்கள் இன்னும் முக்கியம்: இரு கரைக் கிளைகளும் மேலே கூடும் இடத்தில், கீழே வெள்ளம் புரண்டு ஓடினாலும் அணில் கால் நனையாமல் அக்கரைக்குப் போய்விடும்.