திரையும் திண்ணையும்

சில திங்களுக்கு முன் நிகழ்ந்த சிறு செய்தி ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். சேரன்மகாதேவியில் என் வீட்டிற்கு இரண்டு தெரு தள்ளி நண்பர் ஒருவர் வாழ்கிறார். அவரும் என்னைப் போல் ஓய்வுபெற்ற ஆசிரியரே. நாள்தோறும் விடியற்காலையில் பூப்படத்துடன் அவருடைய வணக்கம் என் கைப்பேசிக்கு வரும். நானும் ஒன்று அனுப்புவேன். வணக்கம் தவறாமல் வந்தமையால் அவர் நலமாக இருக்கிறார் என்றே எண்ணியிருந்தேன். ஒரு நாள் கடைத்தெருவில் அவர் மகனைக் கண்டபோதுதான், நண்பர் கால் எலும்பு முறிந்து ஒரு மாதமாகப் படுக்கையில் கிடப்பது தெரிந்தது. விரைந்து சென்று, “ஏன் எனக்குச் சொல்லவில்லை?” என்று கேட்டேன். “வணக்கம் என்று வந்தால் வணக்கம் என்றுதானே பதில் போடலாம், அண்ணாச்சி? உடம்பு எப்படி என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே” என்றார். அவர் சினந்து சொல்லவில்லை. அதனாலேயே அச்சொல் என்னைச் சுட்டது.

இக்குற்றம் கருவியினுடையது அன்று. கருவி மனிதரைக் கூட்டவும் செய்யும். 1956ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலியும் யுனெஸ்கோ நிறுவனமும் சேர்ந்து, புனே வட்டாரச் சிற்றூர்களில் வானொலி உழவர் மன்றங்களை அமைத்துச் சோதனை செய்தன. ஊரார் சிலர் ஒரு பெட்டியைச் சுற்றி அமர்ந்து வேளாண்மைப் பேச்சைக் கேட்பர். கேட்டபின் தமக்குள் விவாதிப்பர். ஐயங்களை நிலையத்துக்கு எழுதுவர். நம் ஊராட்சி மன்றங்களின் வானொலிப் பெட்டியைச் சுற்றியும் மாலை வேளையில் ஆடவர் கூடியதை மூத்தோர் நினைவில் வைத்திருப்பர். அன்று பெட்டி ஒன்று; செவிகள் பல. இன்றோ ஒரு வீட்டில் நால்வர் இருந்தால் திரை நான்கு. வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

இதனால் விளையும் தனிமை சிறிதன்று. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையுணர்வால் வாடுவதாக உலகச் சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. உடல்நலத்தையும் அது கெடுக்கிறது என்பது அவ்வறிக்கையின் முடிவு. ஆண், பெண் இருபாலார்க்கும் இது பொதுவே. ஆயினும் ஆடவரைப் பற்றித் தனியே சொல்லக் காரணம் உண்டு. நம் ஊர்களில் ஆடவருடைய நட்பு பெரும்பாலும் தொழிலைப் பற்றிப் படர்ந்த கொடி. அலுவலகம், வயல், கடை என்று ஏதேனும் ஒரு காரியம் இருந்தால் பேசுவர். காரியம் நின்றால் பேச்சும் நின்றுவிடும். “சும்மா பார்க்க வந்தேன்” என்று ஒருவர் வீட்டுக்குச் செல்ல நாணுவர். அந்த வெற்றிடத்தில்தான் திரை வந்து அமர்கிறது.

அவ்வாறாயின் திரையை அணைத்துவிட்டால் போதுமா? போதாது. அணைத்த பொழுதை எதனால் நிரப்புவது என்பதே வினா. மராட்டிய மாநிலம் சாங்கலி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்காவ் என்றொரு சிற்றூர் உளது. 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் அவ்வூரில் மாலை 7 மணிக்குச் சங்கொலி எழும். எழுந்ததும் கைப்பேசியையும் தொலைக்காட்சியையும் அணைப்பர். 8.30 மணி வரை பிள்ளைகள் படிப்பர். பெரியோர் ஒருவரோடொருவர் பேசுவர். ஒருவர் மட்டும் அணைத்தால் அது நோன்பு. ஊரே அணைத்தால் அது கூட்டம். அண்டை வீட்டாரும் அந்நேரத்தில் ஓய்வாயிருப்பார் என்று தெரிந்தால்தான் நாம் வாயிற்படியைத் தாண்டுவோம்.

ஆஸ்திரேலியாவில் 1990களில் வேறொரு வழி கண்டனர். ‘ஆண்கள் கொட்டகை’ என்று பெயரிட்டு, ஓய்வுபெற்றோர் கூடித் தச்சுவேலை செய்யவும் பழுதுபார்க்கவும் இடம் அமைத்தனர். முகம் பார்த்துப் பேசத் தயங்கும் ஆடவர், அருகருகே நின்று பலகை இழைக்கும்போது தம் மனத்துயரைச் சொல்லிவிடுகின்றனர். நமக்கு இது புதியதன்று. நம் கன்னடியன் கால்வாய் போன்ற வாய்க்கால்களில் தூர் வாரவும் கரை அடைக்கவும் ஊரார் கூடி உழைத்த குடிமராமத்து வழக்கம் தமிழகம் முழுவதும் இருந்ததே. மண்கூடை கைமாறும்போது செய்தியும் கைமாறியிருக்கும்.

பழமையைப் புகழும்போது ஒன்றை மறைக்கலாகாது. பழைய திண்ணை எல்லோர்க்கும் இடம் தரவில்லை. இதைச் சொல்லும் கடமை வேறெவ்வூரையும்விடச் சேரன்மகாதேவிக்கு உண்டு. 1922இல் வ.வே.சு. ஐயர் உயர்ந்த நோக்கத்துடன் இவ்வூரில் குருகுலம் நிறுவினார். ஆனால் பிராமண மாணவர் இருவருக்குத் தனியே உணவளித்தமையால் பெரும்பூசல் எழுந்தது. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ.ராமசாமி அவர்களும் அதனை எதிர்த்தனர். 1925இல் ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். ஓரிடத்தில் வாழ்ந்தும் ஒரு பந்தியில் அமரவில்லையெனில் அது கூடி வாழ்தல் ஆகாது என்பதே அது நமக்கு விட்டுச்சென்ற பாடம். இன்று நாம் விரிக்கும் பாய் யார் வந்தாலும் அமரும் பாயாக இருத்தல் வேண்டும். இல்லையேல், கைப்பேசியில் தம்மவரோடு மட்டும் பேசுவதற்கும் திண்ணையில் தம்மவரோடு மட்டும் பேசுவதற்கும் வேற்றுமை யாது?

ஆகவே வேண்டுவன நான்கு: குறித்த நேரம், குறித்த இடம், கைக்கு ஒரு வேலை, எவர்க்கும் திறந்த வாயில். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் ஒரு வாரத்தில் கூட்டம் கலைந்துவிடும். பின்னர்த் திரையே துணையாகும்.

என் நண்பர் இப்போது கோலூன்றி நடக்கிறார். மாலை ஐந்து மணிக்கு நாங்கள் நால்வர் அவர் வீட்டுத் திண்ணையில் கூடுகிறோம். ஒருவர் நாளிதழை உரக்கப் படிப்பார், மற்றவர் கேட்பர். தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கில் ஐயமிருந்தால் தீர்த்து வைப்பதே எங்கள் வேலை. எங்கள் கைப்பேசிகள் உள்ளறையில் ஒரு கூடையில் கிடக்கும். முதல் வாரம் கூடையில் மணி ஒலிக்கும்போதெல்லாம் கை துடித்தது உண்மை. இப்போது துடிப்பதில்லை என்று சொல்லமாட்டேன், குறைந்திருக்கிறது.

நேயர்களே, நாளைக் காலை ஒருவருக்கு வணக்கப் படம் அனுப்புமுன், அவர் வீடு நடந்து செல்லும் தொலைவில் உள்ளதா என்று எண்ணிப் பாருங்கள். உள்ளதாயின், படத்தை விடுத்துச் செருப்பை மாட்டிக்கொள்ளுங்கள். சென்றதும், “உடம்பு எப்படி இருக்கிறது?” என்று கேளுங்கள்.