எதிரிகள் மூன்று பேர்! ஜெயிப்பது எப்படி?

சீட்டாட்டம் என்றால் 52 சீட்டு. எல்லோருக்கும் ஒரே கட்டு. கலைத்துப் போட்டு ஆட வேண்டியதுதான்.

ஆனால் அமெரிக்காவில் பிறந்த ஒரு சீட்டாட்டத்தில், ஒவ்வொருவரும் தம் கட்டைத் தாமே சேர்த்துக்கொண்டு வரவேண்டும்! யார் எந்தச் சீட்டைச் சேர்த்தார் என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது.

அதன் பெயர் "மேஜிக்: தி கேதரிங்". ரிச்சர்டு கார்பீல்டு என்ற கணித அறிஞர் உருவாக்கியது. 1993-ம் ஆண்டு வெளிவந்தது.

ஆடுகிற ஒவ்வொருவரும் ஒரு மந்திரவாதி. சீட்டுகளில் பூதம் உண்டு, டிராகன் உண்டு, போர்வீரன் உண்டு. எதிரியின் உயிர்ப்புள்ளி தீர்ந்தால் அவர் தோற்றார்.

120 புள்ளி

நான்கு பேர் ஆடுவதற்கு "கமாண்டர்" என்று ஒரு வகை இருக்கிறது. ரசிகர்களே வகுத்த ஆட்டம் இது. 2011-ல் கம்பெனியே இதற்கென்று தனிக் கட்டுகளை வெளியிட்டது.

கட்டில் 100 சீட்டு. அதில் ஒன்று தளபதி. அடிப்படை நிலச்சீட்டைத் தவிர, ஒரே சீட்டு இரண்டு முறை வரக்கூடாது.

இருவர் ஆட்டத்தில் எதிரிக்கு 20 புள்ளிதான். இங்கே ஆளுக்கு 40. மூன்று எதிரிகளுக்கும் சேர்த்து 120! எனவே, வேகமாகத் தாக்கும் கட்டு பாதியிலேயே களைத்துவிடும். நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும் கட்டுதான் வேண்டும்.

நிலம் முக்கியம்

சீட்டை இறக்க மந்திரசக்தி வேண்டும். அதைத் தருவது நிலச்சீட்டு. புதிதாக ஆடுகிறவர்கள் டிராகனை நிறையச் சேர்ப்பார்கள், நிலத்தைக் குறைப்பார்கள். கையில் டிராகன் இருக்கும். இறக்க வழி இருக்காது!

அனுபவசாலிகள் சுமார் 37 நிலம் வைக்கிறார்கள். முதலில் எடுக்கும் 7 சீட்டில் இரண்டு அல்லது மூன்று நிலம் வருவதற்கு இதுதான் கணக்கு.

ஒன்றுக்கு ஒன்று நஷ்டம்

உங்கள் சீட்டு ஒன்றைச் செலவழித்து, எதிரியின் சீட்டு ஒன்றை அழிக்கிறீர்கள். இருவர் ஆட்டத்தில் இது சரிக்குச் சரி. நால்வர் ஆட்டத்தில்? உங்கள் இருவருக்கும் நஷ்டம். வேடிக்கை பார்த்த மற்ற இருவருக்கும் லாபம்!

ஆகவே, ஒரே அடியில் பலரைத் தாக்கும் சீட்டே இங்கு உயர்ந்தது. "ராத் ஆப் காட்" என்று ஒரு சீட்டு. அதைப் போட்டால் மேஜையில் உள்ள படை எல்லாம் அழியும். போட்டவரின் படையும் சேர்ந்துதான். இருந்த படையை எல்லாம் இறக்கிவிட்டவர் வெறுங்கையோடு நிற்பார். இரண்டொரு வீரரைக் கையில் வைத்திருந்தவர் மறுபடி எழுவார்.

வேலி போடுங்கள்

"ப்ரோபகாண்டா" என்ற சீட்டு ஒரு வேலி. உங்களைத் தாக்க வரும் ஒவ்வொரு படைவீரனுக்கும் எதிரி 2 சக்தி செலுத்த வேண்டும். சும்மா அடிக்க வேறு இருவர் இருக்கும்போது, விலை கொடுத்து உங்களிடம் யார் வருவார்?

பலத்தைக் காட்டாதீர்கள்!

எல்லாவற்றிலும் பெரிய தந்திரம் இதுதான். முதலில் பலசாலி ஆகிறவரை மற்ற மூவரும் சேர்ந்து அடிப்பார்கள். அவர் தோற்றபின், மீதி ஆட்டத்தை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்!

ஆகவே, இரண்டாவது பலசாலியாக இருங்கள். மூவர் கண்ணும் வேறொருவர் மேல் இருக்கட்டும். உங்கள் டிராகன் கையிலேயே காத்திருக்கட்டும்.