ஏற்றுமதி அரிசி விலையும் நம் நெல் விலையும்: ஒரு எளிய கணக்கு

அரிசி ஏற்றுமதி விலை ஏறியது, சரிந்தது என்று செய்திகள் வருகின்றன. கும்பப்பூ நெல்லை விற்கப்போகும் குமரி மாவட்ட விவசாயிகள் இதை எப்படிப் புரிந்துகொள்வது?

ரகத்துக்கு ஒரு விலை

உலகச் சந்தையில் பாஸ்மதி, புழுங்கல், பச்சரிசி, குருணை ஒவ்வொன்றுக்கும் தனி விலை. பாஸ்மதி வட மாநிலங்களில் விளைவது. அதன் விலை உயர்வால் நமக்குப் பயனில்லை. நாம் கவனிக்க வேண்டியது 5 சதவீத நொய் கலந்த புழுங்கல் அரிசியின் விலையை.

2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதிக்கு மத்திய அரசு தடை விதித்தது. அடுத்த மாதம் புழுங்கலுக்கு 20 சதவீத வரி போட்டது. உலக விலை எகிறியது. 2024 தொடக்கத்தில் தாய்லாந்து, வியட்நாம் அரிசி டன் 600 டாலரைத் தாண்டியது. நம் புழுங்கல் மார்ச்சில் 550 டாலரை ஒட்டியது. 2024 செப்டம்பர், அக்டோபரில் தடையும் வரியும் நீங்கின. 2025 மார்ச்சில் குருணைக்கும் அனுமதி கிடைத்தது. சரக்கு பெருகியதால், 2025 இறுதியில் புழுங்கல் 350 டாலர் அளவுக்கு இறங்கிவிட்டது.

நெல்லுக்கு எவ்வளவு?

100 கிலோ நெல்லில் சுமார் 68 கிலோ புழுங்கல் அரிசி கிடைக்கும். டாலர் 88 ரூபாய் என்றால், 350 டாலர் அரிசி துறைமுகத்தில் கிலோ 30.80 ரூபாய். 68 கிலோவுக்கு 2,094 ரூபாய். அரவை, லாரி வாடகை, வியாபாரி லாபம் எல்லாம் இதற்குள்தான். தவிடு, உமி விற்று அரவைச் செலவில் ஒரு பகுதியை ஆலைக்காரர் ஈடுகட்டலாம்.

2025-26 பருவத்தில் தமிழக அரசின் கொள்முதல் விலை, ஊக்கத்தொகை சேர்த்து, சன்ன ரகத்துக்கு குவிண்டால் 2,545 ரூபாய், பொது ரகத்துக்கு 2,500 ரூபாய். ஏற்றுமதி விலை 420 டாலரைத் தாண்டினால்தான் அந்த வியாபாரம் 2,500 ரூபாயைத் தொடும். டன்னுக்கு 10 டாலர் மாறினால் குவிண்டால் நெல்லில் சுமார் 60 ரூபாய் மாறும் என்று நினைவில் வையுங்கள்.

வரி இருந்தால் அதையும் கழிக்க வேண்டும். 2024-ல் 550 டாலர் விற்றபோதும் வரி போகக் கையில் நின்றது சுமார் 450 டாலர்தான்.

நம் குண்டு நெல்

அம்பை 16, திருப்பதிசாரம் 5 போன்ற குண்டு ரகங்கள் கொள்முதலில் பொது ரகமாகவே சேரும். இவற்றின் வெளிச்சந்தை விலையை உள்ளூர், கேரளத் தேவையே அதிகம் தீர்மானிக்கிறது. ஆகவே ஏற்றுமதி விலை சரிந்தது என்று சொல்லி யாராவது அடிமாட்டு விலைக்குக் கேட்டால் உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம்.

விற்பதற்கு முன்

• ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகாதபடி காய வையுங்கள்.
• சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல்களை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.
• கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றிச்செல்லும் கூலி, காத்திருக்கும் நாட்கள், மழை அபாயம் ஆகியவற்றைக் கழித்துப் பார்த்த பிறகு, களத்தில் வியாபாரி தரும் விலையோடு ஒப்பிடுங்கள்.

புழுங்கல் விலை 420 டாலருக்குக் கீழே இருக்கும்வரை, ஏற்றுமதியை நம்பி நெல்லைப் பூட்டி வைப்பதைவிட அரசு கொள்முதலே பாதுகாப்பானது.